வாசலுக்கு வந்த கப்பற்படை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை என் கணவர் ரூபன் சொன்னால் மறுப்பேன். நானாகச் சொல்லும்போது ஒத்துக்கொள்வதில் ஒன்றும் குறைந்துவிடாது.

சேலம் அரிசிப்பாளையத்தில் எங்களுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. "எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது, ஆனா பழைய கண்ணாடி மாதிரி இல்லையே" என்று ஒரே ஆள் மூன்றாம் முறை வந்து நின்றாலும் சிரித்த முகத்தோடு, "கழட்டிக் குடுங்க, பாக்கறேன்" என்பேன். கடையில் அப்படி அடக்கி வைக்கிற கோபத்தை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு எனக்கு ஓர் இடம் இருக்கிறது. விண்வெளி.

கைபேசியில் ஆடும் விளையாட்டுத்தான். அதன் ஆங்கிலப் பெயர் நீளம், நாங்கள் 'அண்டம்' என்போம். ஆளுக்கு ஒரு கிரகம் கொடுத்து உள்ளே விடுவார்கள். சுரங்கம் தோண்டி, இரும்பு எடுத்து, கப்பல் கட்டி, பக்கத்துக் கிரகத்தை மிரட்டிப் பிழைத்துக்கொள்ள வேண்டியது நம் பாடு. உலகம் முழுக்க ஆடுகிறார்கள். தனியாக இருக்கிறவனை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுவார்கள் என்பதால் எல்லோரும் ஏதாவது ஒரு கூட்டணியில் இருப்பார்கள்.

எங்களுடையது காவிரிக் கூட்டணி. தலைவர் பிரபாகர், குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். பள்ளிபாளையம், திருச்செங்கோடு, மோகனூர் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் முப்பது பேர் போல இருக்கிறோம். அதில் பாதிப் பேர் ரிக் வண்டியோடு ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பவர்கள். குழாய் பூமிக்குள் இறங்கும் நேரத்தில் அவர்கள் கை சும்மா இருக்கும், அப்போது நட்சத்திரங்களைப் பிடிப்பார்கள்.

நான் அந்தக் கூட்டணியின் தூதர். மற்றக் கூட்டணிகளோடு எல்லை பேசுவது, சண்டையை ஆற்றுவது, ஒப்பந்தம் எழுதுவது என் பொறுப்பு. பெரு நாட்டுக்காரர் ஒருவரோடு மூன்று நாள் பேசி ஒரு கிரகத்தை மீட்டிருக்கிறேன். போலந்துக்காரி ஒருத்தியை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன், உண்மையில் தப்பு எங்கள் பக்கம்தான் இருந்தது. வீட்டில் நான் பேசுவதை ரூபன் டிவியை அணைக்காமல்தான் கேட்பார். அங்கே, "மேரிக்கா என்ன சொல்றாங்க?" என்று முப்பது பேர் காத்திருப்பார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ரொம்பவே பிடித்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்டத்தின் நடுவில் நாங்கள் ஒரு வாசல் கட்டினோம். வாசல் என்றால் கப்பல்கள் அதற்குள் நுழைந்து எங்கேயோ இருக்கும் வளமான நட்சத்திரக் கூட்டத்துக்கு நொடியில் போய்விடலாம். அதைக் கட்டத் தேவைப்பட்ட இரும்புக்குக் கணக்கே இல்லை. நான் என் போர்க்கப்பல்களை ஒன்று விடாமல் உடைத்து இரும்பாகக் கொடுத்தேன். எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சரக்குப் படகு. வாசல் எங்களுடையதாக இருக்கும்வரை அதில் கவலையில்லை. ஆனால் விளையாட்டின் விதி கொடியது. வாசலை இழந்த கூட்டணி அந்தக் கணமே கலைந்துவிடும். முப்பது பேரும் முப்பது மூலைக்குப் போவார்கள், நான் அந்தப் படகோடு நேற்று சேர்ந்தவள் மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே மேரிக்காவை யாருக்குத் தெரியும்?

அந்த வாசலுக்கு முன்னால்தான் ராமோன் வந்து நின்றார். பிலிப்பைன்ஸ்காரர், 'கருஞ்சுறா' கூட்டணியின் தலைவர், நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் படைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்களின் முற்றுகைப் பீரங்கி சூடேற ஒரு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெடிக்கும். அது வெடித்தால் வாசலில் நிற்கிற எல்லாம் போகும். இது நம்மவன், அது அடுத்தவன் என்று பார்க்கிற பீரங்கி இல்லை.

அவரை எதிர்த்து நிற்கிற படை எங்களில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. மோகனூர் ராசாத்தி. கரும்பும் வாழையும் வைத்திருக்கிறவள், என் வயதுக்காரி, மோட்டார் ஓடும் நேரமெல்லாம் வரப்பில் உட்கார்ந்து கப்பல் கட்டியே எங்கள் எல்லோரையும் தாண்டிப் போனவள். ஆனால் வாசல் திறப்பு விழா முடிந்த மூன்றாம் நாளே அவள் விலகிவிட்டாள். 'ராசாத்தி கூட்டணியிலிருந்து விலகினார்' என்று விளையாட்டே ஒரு வரி போட்டது. காரணம் சொல்லவில்லை. போன் செய்தால், "நல்லா இருக்கறனுங்கக்கா, நீங்க நல்லா இருக்கறீங்களா?" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ராமோன் வந்ததும் பிரபாகர் 'அவசரம், எல்லோரும் வரவும்' என்று ஒரு செய்தி எழுதி நூறு பேருக்கு அனுப்பியதில் அவளுக்கும் ஒன்று போனது. பார்த்தாள். பதில் இல்லை.

சனிக்கிழமை கடையில் இருந்தபோது பிரபாகர் அழைத்தார். பின்னால் தறிச் சத்தம் தடதடவென்று கேட்டது.

"ஏனுங்க மேரி, ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துரலாமுங்களா?"

"எங்கே, வாசலுக்கா?"

"மோகனூருக்குங்க."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கண்ணாடியின் காம்பு வளைந்துவிட்டது. "தலைவரே, நடக்கறது விண்வெளிச் சண்டை. அதுக்கு நான் டவுன் பஸ்ல போகணுமா? விட்டுட்டுப் போனது அவ. வேணும்னா அவ வரட்டும்."

"வாசல் போச்சுன்னா உங்ககிட்ட ஒத்தைப் படகுதானுங்க இருக்குது," என்றார் பிரபாகர். வலிக்கிற இடம் அவருக்குத் தெரியும்.

மறுநாள் முதல் பூசைக்குப் போனேன். அங்கே நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று தெரிந்தால் பங்குச் சாமியார் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வீட்டுக்கு வந்து புடவை மாற்றியபோது ரூபன் கேட்டார்.

"எந்தக் கிரகத்துக்குக் கிளம்பிட்ட?"

"மோகனூருக்கு."

"ராக்கெட்டுக்குச் சில்லறை எடுத்துக்கோ. பெரிய நோட்டா நீட்டினா கண்டக்டர் திட்டுவாரு."

அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை என்பதால் அன்று தப்பித்தார்.

நாமக்கல் பஸ் நிலையத்தில் பிரபாகர் காத்திருந்தார். அண்டத்தில் அவர் படத்துக்கு இரும்புக் கவசமும் சிவப்புத் துண்டும் இருக்கும். நேரில் ஒல்லியான மனிதர், தலைமுடியில் பஞ்சுத் தூசி. கையில் ஒரு பெரிய பை.

"என்னங்க அது?"

"வெறுங்கையோட போகக்கூடாதுல்லங்க. வாழைப்பழம். ரெண்டு சீப்பு."

"மோகனூருக்கு வாழைப்பழமா? அவங்க தோட்டமே வாழைதானே தலைவரே!"

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பஸ் வந்துருச்சுங்க," என்று ஏறிவிட்டார். போர்த்தந்திரத்தில் அவருக்கு இணை இல்லை என்று எங்கள் கூட்டணியில் ஒரு பேச்சு உண்டு.

வழி நெடுக நான் மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டே வந்தேன். 'இரண்டு வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு இப்படியா கழுத்தறுப்பீர்கள்?' என்பதில் ஆரம்பித்து ஏறுவரிசையில் போகும் வசனம். மோகனூரில் இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்து, கரும்புக்கு நடுவில் அவர்கள் வீடு தெரிகிறவரைக்கும் அது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிலிருந்தது.

கேட்டைத் திறப்பதற்குள் ராசாத்தி வெளியே வந்துவிட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடியே ஓடி வந்தாள்.

"வாங்கக்கா! வாங்கண்ணா! வாங்க, வாங்க, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க!"

படத்தில் பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தாள், சிரித்த முகம். என் வசனத்தின் முதல் வரியே மறந்துபோனது. செம்பில் தண்ணீர் வந்தது. அவள் கணவர் இளஞ்செழியன் முழங்கால்வரை சேற்றோடு தோட்டத்திலிருந்து வந்தார். "வாங்கம்மிணி" என்று எனக்கு ஒன்று, "வாங்க" என்று பிரபாகருக்கு ஒன்று. போய்க் கால் கழுவிவிட்டுத் திரும்பி வந்தவர், முதலில் சொன்னது சேற்றுக் காலோடு சொன்னது என்பதாலோ என்னவோ, மறுபடியும் ஆளுக்கொரு "வாங்க" சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிரபாகர் கைபேசியை மடியில் வைத்திருந்தார். பீரங்கி ஏறக்குறைய முழுதும் சூடேறியிருந்தது. அவர் கனைத்துக்கொண்டு, "ராசாத்தி, நாங்க வந்த விசயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

"விசயம் எங்கீங்கண்ணா ஓடிப்போகுது? மொதல்ல சாப்புடுங்க."

நாட்டுக்கோழிக் குழம்பு. அது கொதித்து, இறங்கி, இலை போட்டு, மறுசோறு வைத்து, ரசம் வந்து, தயிர் வருவதற்குள் பிரபாகருக்கு வியர்த்துக் கொட்டியது. காரம் பாதி, ராமோன் பாதி. நான் நன்றாகச் சாப்பிட்டேன். கோபமாக இருக்கும்போது எனக்குப் பசி அதிகம்.

கை கழுவியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ராசாத்தி, இவ்வளவு பாசமா சோறு போடறீங்க. அங்கே மட்டும் ஏன் எங்களை நட்டாத்துல விட்டீங்க?"

அவள் தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரபாகர் கொண்டுவந்த வாழைப்பழமும் அதே தட்டில் இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் வெற்றிலைக் காம்பையே கிள்ளினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா."

"ஒண்ணுமில்லாமயா போனீங்க?"

"வாசல் தொறந்தீங்கல்ல," என்றாள். "நானு அண்டத்தோட அந்தக் கோடியில இருந்தனுங்க. மூணு நாளா வந்தேன். வழியில ரெண்டு கப்பல் போச்சு. இருந்தாலும் பரவால்ல, நம்ம ஊட்டு விசேசம்னு மொத்தப் படையையும் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னேன். நீங்கெல்லாம் பட்டாசுப் படமாப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒருத்தரு... ஒருத்தரு என்னைய வாங்கன்னு சொல்லலீங்க."

பிரபாகர் விழித்தார். "வந்ததுமே போடுதுங்களே! 'ராசாத்தியின் படை வந்து சேர்ந்தது'ன்னு கேமே போட்டுச்சுங்களே!"

"அது மிசினு போட்டதுங்கண்ணா. மிசினா என்னையக் கூப்புட்டுச்சு?" அவள் குரல் உடைந்தது. "அன்னிக்குப் பூரா பாத்துக்கிட்டே இருந்தனுங்க. பெரு நாட்டுக்காரரு வந்தாரு. அவருக்கு அக்கா இங்கிலீசுல நாலு வரி எழுதுனாங்க. நல்லா எழுதியிருந்தாங்க, நானு படிச்சேன். நம்மாளுதானேன்னு என்னைய உட்டுட்டீங்க. நம்மாளுன்னா வாங்கன்னு ஒரு சொல்லு சொல்லக் கூடாதுங்களா?"

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இரண்டு வருட உழைப்பு, முப்பது பேருடைய கூட்டணி, நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரு வாசல், இத்தனையும் ஒரே ஒரு வார்த்தையில் ஆடிப்போய் நிற்கிறது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நாத்தனார் மகன் கோயிலில் முதல்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை விருந்துக்குப் போனபோது, வாசலில் நின்ற என்னைப் பார்த்தும் நாத்தனார் வாங்க என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பந்தியில் உட்காராமல் திரும்பி வந்த நான், அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ்வரை அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அவள் அப்புறம் பத்து முறை போன் செய்தாள். நானும், "நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா?" என்றுதான் சொன்னேன்.

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பெருவுக்கு நாலு வரி எழுதத் தெரிந்த தூதருக்கு மோகனூருக்கு ஒரு வார்த்தை எழுத வரவில்லை.

"தப்புதான், ராசாத்தி," என்றேன். "என் தப்பு. வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல வேண்டியவ நானு. எனக்கு அந்த வேலைதானே குடுத்திருந்தாங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உடுங்கக்கா, பாக்கு எடுங்க," என்றாள்.

பிரபாகருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படீன்னா படையக் கெளப்புங்க ராசாத்தி! இன்னும் நேரமிருக்குது!"

"அது முடியாதுங்களேண்ணா."

"ஏனுங்க?"

"ராமோனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நானு வெலகுன மறுநாளே அவரு எழுதுனாரு. கப்பலெல்லாம் நல்லா வச்சிருக்கறீங்க, உங்களை மதிக்கறேன், நம்ம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்க வேண்டாமுன்னு. மருவாதையாக் கேட்டாரு, சரீன்னுட்டேன். ஒப்பந்தப் பலகையில எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதியே போட்டாச்சு. இப்பப் போய் நானு எப்படிச் சுடறது?"

பிரபாகர் தலையில் கை வைத்தார். எனக்கோ, வெற்றிலையை மடித்த கை அப்படியே நின்றது. ஒப்பந்தம் என்று யாராவது சொன்னால் அதன் ஓட்டையைத் தேடுவது என் புத்தி.

"ஒருத்தரை ஒருத்தர்னா, அவரும் உங்களைச் சுடக்கூடாதுல்ல?"

"ஆமாங்க."

"அப்போ நீங்க யாரையும் சுட வேண்டாம். சண்டைக்கே வர வேண்டாம். எங்க வாசலுக்கு விருந்தாளியா வந்து சும்மா நில்லுங்க. வெளியாளுக்கு இடம் குடுக்கற அதிகாரம் வாசல்காரங்களுக்கு இருக்கு. அவரோட பீரங்கி ஆள் பார்த்துச் சுடாது. வாசலைச் சுட்டா உங்களையும் சுட்டதா ஆகும். வாக்கு மீறினவர்னு பலகையில அவர் பேர் ஏறும். அப்புறம் எந்தக் கூட்டணி அவரை நம்பும்?"

ராசாத்தியின் கண் அகன்றது. மெதுவாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"வரலாமுங்க. கூப்புட்டா வாரேன். கூப்புடோணும்ல?"

பிரபாகர் சட்டென்று எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெற்றிலையும் வாழைப்பழமும் இருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்து இளஞ்செழியனையும் ராசாத்தியையும் சேர்த்து நிற்க வைத்து நீட்டினார். "நம்ம ஊட்டு வாசலுக்கு, குடும்பத்தோட... இல்ல, படையோட, அவசியம் வந்துரோணுமுங்க," என்றார். அவளுடைய வெற்றிலை, அவளுடைய தட்டு, வாழைப்பழம் மட்டும் அவருடையது. அழைக்கிற தட்டில் பழமாவது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் அதை வாங்கி வந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இனி அவரைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் சிக்னல் நிற்காது என்று மொட்டை மாடிக்குப் போனோம். காவிரிப் பக்கமிருந்து காற்று வந்தது. மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். ராசாத்தி விரலால் திரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அண்டத்தின் அந்தக் கோடியில் அவள் படை முழுவதும் கிளம்பியது. இந்த முறை, பெரிய வாசலுக்குப் பிறகு வழி நெடுகக் கட்டியிருந்த எங்கள் சிறு வாசல்களை அவளுக்குத் திறந்துவிட்டோம், மூன்று நாள் பயணம் ஒரு மணி நேரமானது.

நான் கூட்டணிக் குழுவில் எழுதினேன். 'ராசாத்தி விருந்தாளியாக வருகிறாள். அவள் இப்போது நம் குழுவில் இல்லை, அதனால் எல்லோரும் பார்க்கும் பொது அரங்கில் எழுத வேண்டும். ஒருத்தர் விடாமல் வாங்க என்று சொல்லுங்கள். ராஜஸ்தான்காரர்கள் உட்பட. சொல்லாதவர்களை நான் நேரில் வந்து பார்ப்பேன்.' நான் நேரில் வருவேன் என்றால் எப்படி வருவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

பீரங்கி சூடேறுவதைக் காட்டும் சிவப்புக் கோடு முனையைத் தொடப்போகும் சமயம் வாசலுக்கு முன்னால் வானம் மின்னியது. ஒன்று, பத்து, நூறு என்று கப்பல்கள் வந்து இறங்கின. 'ராசாத்தியின் படை வந்து சேர்ந்தது' என்று விளையாட்டு போட்டது. அதன் கீழே ஆரம்பித்தது. வாங்க ராசாத்தி. வாங்கக்கா. வாங்கம்மிணி. வாங்க வாங்க. ரிக் வண்டிக்காரர் ஒருவர், 'குழாய் எறங்கிட்டு இருக்குது, கை எண்ணெய், இருந்தாலும் வாங்கக்கா' என்று எழுதினார். பொது அரங்கில் வேறு எதுவும் தெரியாத அளவுக்கு ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராசாத்தி ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள். படிக்கப் படிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிவப்புக் கோடு முனைக்கு வந்து நின்றது. ராமோன் விரலால் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

தட்டவில்லை. எனக்குத் தனிச்செய்தி வந்தது.

'தூதரே, இது என்ன? அவர் எங்கள் மேல் போர் தொடுக்கிறாரா?'

'இல்லை,' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். 'எங்கள் வீட்டு விருந்தாளி. உங்களை ஒன்றும் செய்ய மாட்டார்.'

'எல்லோரும் ஒரே வார்த்தையை எழுதுகிறார்களே?'

'வீட்டுக்கு வந்தவரை வரவேற்கும் வார்த்தை. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வழக்கம்.'

ராமோன் மாட்டிக்கொண்டார். சுட்டால் வாக்குப் போகும், சும்மா நின்றால் எரிபொருள் போகும், திரும்பிப் போனால் பின்னால் நிற்கிற நாற்பது பேர் முன்னால் மானம் போகும். அவர் அங்கே எந்த ஊரில், எந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிகிறார் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த ஒரு வாரம் முழுக்க நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. இப்போது பாவமாக இருந்தது.

'நான் ஒரு வாரமாக உங்கள் வாசலில்தான் நிற்கிறேன்,' என்று எழுதினார் ராமோன். 'எனக்கு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.' அதோடு ஒரு சிரிக்கும் முகம்.

நான் அதைப் படித்துக் காட்டினேன். பிரபாகர் குதித்தார். "பீரங்கியத் தூக்கிட்டு வந்தவனையுமா வாங்கங்கறது?"

"வாசலுக்கு வந்துட்டாருல்லங்கண்ணா," என்றாள் ராசாத்தி. "சொல்லித்தான் ஆகோணும்."

அவள் முறைக்காகச் சொன்னாள். எனக்கோ அதில் வேறொன்று தெரிந்தது. எதிரியாகத் திரும்பிப் போகத்தான் அவருக்கு வழி இல்லை. விருந்தாளியாக உள்ளே வர வழி இருக்கிறது. அதைத் திறக்கிற சாவி என் கையில் இருந்தது. வளமான நட்சத்திரங்களுக்குப் போகும் பாதையில் அவர் கூட்டணிக்கும் இடம், பதிலுக்குப் பீரங்கியைக் கழற்ற வேண்டும் என்று இரண்டே வரியில் ஒப்பந்தம் எழுதினேன். அனுப்பிவிட்டுப் பொது அரங்கில், எல்லோரும் பார்க்க, தமிழிலேயே அடித்தேன்.

'வாங்க, ராமோன்.'

சிவப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அணைந்தது. நான் மூச்சு விட்டேன். வாசல் நின்றது. என் படகும், என் முப்பது பேரும், மேரிக்கா என்கிற பெயரும் நின்றன. மொட்டை மாடியில் நாற்பதை நெருங்கும் பெண்மணி ஒருத்தி துள்ளிக் குதித்ததைப் பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ராமோனிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. 'என்னோடு நாற்பத்து இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேண்டுமாம்.'

பிரபாகர் உடனே, 'அனைவரும் வாங்க' என்று அடித்து அனுப்பப் போனார். ராசாத்தி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"மொத்தமா ஒண்ணு போட்டா ஆகாதுங்கண்ணா. ஒவ்வொருத்தருக்கும் பேரு சொல்லிப் போடுங்க."

தலைவர் தொட்டி நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயில் நுழையாத பிலிப்பைன்ஸ் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி அடிக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவராகத் தமிழ் எழுத்தில் 'வாங்க' என்று எங்களுக்கே திருப்பி எழுதினார்கள். வந்தவர்கள் பதிலுக்கு 'வந்தேனுங்க' என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ராசாத்தி கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ தட்டினாள். என் திரையில் ஒரு வரி வந்தது. 'ராசாத்தி காவிரிக் கூட்டணியில் சேர்ந்தார்.'

கீழே இளஞ்செழியன் காப்பிக்குக் கூப்பிட்டார். அவள் எழவில்லை. என்னைப் பார்க்காமல் கரும்புத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடிக்கும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு மாடி, அவள் போட்ட பாய், அவள் சோறு என் வயிற்றில். இருந்தாலும் குழுவைத் திறந்து, முதல் ஆளாக, 'வாங்க ராசாத்தி' என்று எழுதினேன். எழுதியது போதாதென்று அவள் தோளைத் தொட்டு வாய்விட்டும் சொன்னேன்.

"வாங்க, ராசாத்தி."

"இப்பத்தானுங்கக்கா வந்து சேந்தேன்," என்றாள்.